தனியாக வந்தேன் என்று சொன்னவனின் தங்கைக்கு

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தை நீ பிரிக்கிற நேரம் விமானம் ஏறுமட்டும் உன்னைத் தன் வீட்டில் வைத்திருக்கிற மாப்பிள்ளையின் பெரியம்மா பக்கத்தில் இருந்தால், மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிடு. பிறகு கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளிக்கிட்டுப் போய், எங்கேயாவது தனியாக இருந்து வாசி. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சமையல் வேலை பார்க்கிறவள். அந்த வீட்டில் யார் யார் காதில் விழும் என்று எனக்குத் தெரியாது. அதோடு வாயால் சொல்லத் தொடங்கினால் நான் வழக்கம்போல் சுற்றி வளைத்து, கடைசியில் "சுகமாய்ப் போய்ச் சேர் பிள்ளை" என்று சொல்லி வைத்துவிடுவேன். காலமெல்லாம் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து கடிதம் எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான். எனக்கு எழுதும்போதுதான் பொய் சொல்ல வெட்கம் வருகிறது.

உன் அண்ணையின் வழக்கு முடியவில்லை. தண்டம் கட்டி முடித்தாயிற்று என்று உனக்குச் சொன்னது பொய். அதைச் சொன்னவன் நான்தான், அம்மா பக்கத்தில் நின்று தலையாட்டினார். நீ விமானம் ஏறி இரண்டு கிழமையில் வழக்குக்கு அடுத்த தவணை நாள் வருகிறது. அன்றைக்கு அவன் நீதிமன்றக் கூட்டில் ஏறி, கவனமில்லாமல் மோட்டார் சைக்கிள் ஓடி ஒரு மனிதரைச் சாகடித்தது தான்தான் என்று ஒப்புக்கொள்ளப் போகிறான். ஒப்புக்கொண்டால் மறியல், சிறை இல்லாமல் முடியலாம், முடியாமலும் போகலாம் என்கிறார்கள். எப்படி முடிந்தாலும் அவன் எதிர்பார்த்திருக்கிற அரசாங்க நியமனம் கையை விட்டுப் போகும். அதைவிட, செய்யாத ஒரு சாவைச் செய்தவன் என்ற பெயரோடு இந்த ஊரிலேயே அவன் நடந்து திரிய வேண்டும். இதை உனக்குத் தெரியப்படுத்தக்கூடாது என்று அவன் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். அந்தச் சத்தியத்தை உடைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அன்றைக்கு நீங்கள் இருவரும் உன் கலியாணத்தின் முதல் அழைப்பிதழைக் கீரிமலைக் கோயிலில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்துகொண்டிருந்தீர்கள். வழியில், சைக்கிளில் வந்த ஒரு வயதான ஐயா விழுந்தார். அவரைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றி, தலையை உன் மடியில் வைத்துக்கொண்டு ஆசுபத்திரிக்குக் கொண்டுவந்தீர்கள். எப்படி விழுந்தார் என்பதை நான் எழுத மாட்டேன். நான் அங்கே இருக்கவில்லை. நீ இருந்தாய். நான் ஆசுபத்திரி வாசலுக்கு வந்து சேர்ந்தபோது உன் சட்டை முழுவதும் ரத்தம். உன் அண்ணை என்னைக் கண்டவுடன் சொன்னான், "அப்பா, ஒரு டிப்பர் லொறி தட்டிப்போட்டு நிக்காமல் போட்டுது. தங்கச்சியும் கண்டவள்." அதற்கு நான் சொன்ன மறுமொழி, "மெல்லக் கதை." வேறொன்றும் சொல்லவில்லை. ஆசுபத்திரிப் பொலிஸ்காரர் விபரம் எடுக்க வருமுன் உன்னை இன்னொரு ஓட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். வீட்டில் அம்மா உன்னைக் குளிக்க வைத்தார். அந்தச் சட்டையைச் சருகோடு சேர்த்து வளவின் மூலையில் எரித்தார். நீ என்ன கண்டாய் என்று நாங்கள் இருவரும் அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை.

பிறகு பொலிஸிலிருந்து போன் வந்தது. "சின்ன வாக்குமூலம் ஒண்டு இருக்கு, தம்பியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ ஐயா," என்று நல்ல தமிழில், மரியாதையாகத்தான் சொன்னார்கள். அந்த ஐயா அப்போது உயிரோடு இருந்தார். கண் திறந்துவிட்டார், இனிப் பயமில்லை என்று கேள்விப்பட்டிருந்தோம். அதனால் வீட்டில் யாரும் பெரிதாகப் பதறவில்லை. அம்மாவின் தமையன், உன் பெரியமாமா, செய்தி கேட்டு வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தார். அப்போது உன் அண்ணைதான் கேட்டான், "அப்பா, என்னோடை படிச்சவன்ரை அக்கா ஒராள் லோயர். அவவிட்டை ஒருக்காக் கேட்டுப்போட்டுப் போவமே?" பெரியமாமா சிரித்தார். "ஏன்ரா, கொலையே செய்தனீ? அப்புக்காத்தைக் கூட்டிக்கொண்டு போனா அவன் உன்னைக் கள்ளன் எண்டுதான் பாப்பான். நான் வாறன். ஜே.பி. நான் வந்து நிண்டாக் காணும்."

பெரியமாமாவின் சமாதான நீதவான் முத்திரை சான்றிதழ்ப் பிரதிகளில் குத்துவதற்கு மட்டும்தான் உதவும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கச்சேரியில் அந்த முத்திரையை நான் எத்தனை தரம் பார்த்திருப்பேன். ஆனாலும் அவர் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. நம் ஆட்களுக்கு, நாலு பேருக்குத் தெரிந்த ஒரு பெரிய மனிதரைக் கூட்டிக்கொண்டு போவது பண்பு, சட்டத்தரணியைக் கூட்டிக்கொண்டு போவது வம்பு. குற்றம் செய்தவனுக்குத்தான் சட்டத்தரணி என்று நாங்களே நம்பினோம். மடியில் கனமில்லாதவனுக்குப் பயம் எதற்கு என்று நான் உன் அண்ணையைக் கேட்டேன். அவன் சேர்ட் மாற்றப் போய்விட்டான்.

நீ அந்த நேரம் கிணற்றடியில் நின்றாய், அதனால் மிச்சம் உனக்குத் தெரியாது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து சொன்னார், "என்ன செய்தாலும் பிள்ளையின்ரை பேரை இழுக்காதேங்கோ. தாலிக்குப் பொன்னுருக்க நாள் வைச்சாச்சு. பொம்பிளை பொலிசுக்குப் போய் வந்தவள் எண்டு கனடாவிலை மாப்பிள்ளை வீட்டுக்குக் கதை போனா என்ன செய்யிறது?" பெரியமாமா உடனே அதைப் பிடித்துக்கொண்டார். உன் அண்ணையைக் கூப்பிட்டு இருத்திச் சொல்லிக்கொடுத்தார். "தனிய வந்தனான் எண்டு சொல்லு. டிப்பரைப் பற்றியும் வாய் திறக்காதை. மண் டிப்பர்காறரோடை பகைச்சுப்போட்டு நாளைக்கு இந்த றோட்டாலை போய் வாறேல்லையே? கவனிக்கேல்லை, ஒருவேளை பட்டிருக்கும் எண்டு பணிவாச் சொல்லு. ஆளும் தப்பிட்டார். கலியாணம் முடியப் பழங்களும் வாங்கிக்கொண்டு போய்ப் பாத்து, கதைச்சு முடிச்சுவிடுவம்." உன் அண்ணை என் முகத்தைப் பார்த்தான். நான் ஓம் என்று தலையாட்டினேன். சண்டையில்லாமல் ஒரு காரியம் முடிகிறதே என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

பொலிஸில் அடி இல்லை, அதட்டல் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. அந்த அதிகாரி எங்களுக்குக் கதிரை தந்தார், குடிக்கப் பிளேன்ரீ எடுப்பித்தார். பெரியமாமா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார், அதிகாரி எழுந்து கும்பிட்டார். பிறகு உன் அண்ணையிடம் நடந்ததைச் சொல்லச் சொன்னார். அவன், "நாங்கள் ரெண்டு பேரும்..." என்று தொடங்கினான். வீட்டில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அந்த இடத்தில் அவனுக்கு மறந்துவிட்டது, அல்லது அவனுக்குப் பொய் வரவில்லை. நான் உள்ளே புகுந்தேன். "தம்பி தனியத்தான் சேர் வந்தவர். பயத்திலை தடுமாறுறார்." கேள்வி அவனிடம், மறுமொழி என்னிடம், அப்படியே போனது. ஐயாவின் சைக்கிளில் பட்டதா என்று கேட்டார். "பட்டுத்தானிருக்கும் சேர், சின்னப் பெடியன், கவனிச்சிருக்க மாட்டார், மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றேன். ஓட்டோவைப் பிடிக்க ஓடிய அவசரத்தில் அவன் மோட்டார் சைக்கிளைத் தெருவில் போட்டுவிட்டுப் போனதால் முன்பக்கம் உடைந்திருந்தது. அதைப் பற்றியும் கேட்டார். அதற்கும் ஓம் போட்டேன். அவர் எல்லாவற்றையும் சிங்களத்தில் எழுதினார்.

எழுதி முடித்துவிட்டு, "வாசிச்சுச் சொல்லட்டோ ஐயா?" என்று அந்த மனிதர் கேட்டார். கேட்டார் என்பதை நான் மறைக்கக்கூடாது. "என்னத்துக்கு சேர், நீங்கள் பிழையா எழுதப்போறியளே," என்றேன் நான். கச்சேரியில் சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தால், மொழிபெயர்ப்பு வரும்வரை அதில் கையெழுத்து வைக்காமல் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டுகிறவன் நான். அதற்காகப் பெரியவர்களிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். யாரோ ஊரவனுடைய காணிக் கடிதத்துக்கு இருந்த கவனம் என் பிள்ளையின் வாக்குமூலத்துக்கு இருக்கவில்லை. உன் அண்ணை கையெழுத்து வைத்தான். "நல்ல குடும்பம்," என்று அதிகாரி சொன்னார். வரும் வழியில் பெரியமாமா அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

அந்தக் கிழமையே ஐயா செத்துப்போனார். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அண்ணையைக் கொண்டுபோனார்கள், விளக்கமறியலில் வைத்தார்கள், கலியாணத்துக்கு முந்திப் பிணை கிடைத்தது. உனக்குத் தெரியாத ஒன்றை எழுதுகிறேன். மரண விசாரணையின்போது அந்த ஐயாவின் மகள் உன் அண்ணைக்கு முன்னால் வந்து நின்று, "அப்பாவைச் சாக்காட்டிப்போட்டு நீயே தூக்கிக்கொண்டும் வந்தனியோ?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை, விளங்காமல்தான் கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா," என்றான். நான் பக்கத்தில் நின்றேன். உன் கலியாணத்தில் மாப்பிள்ளையின் காலுக்குத் தண்ணீர் வார்த்தபோது அவன் பாதித் தண்ணீரைத் தன் வேட்டியில் ஊற்றிக்கொண்டதைப் பார்த்து, தங்கச்சியைப் பிரிகிற துக்கம் என்று பெண்டுகள் கதைத்தார்கள். நானும் ஓம், துக்கம்தான் என்றேன்.

நீ சும்மா இருக்கவில்லை, அதையும் எழுத வேண்டும். அவனை உள்ளே வைத்திருந்தபோது அடுப்படி வாசலில் நின்று, "அப்பா, நான் வந்து சொல்லட்டோ?" என்று கேட்டாய். "நீ சொல்லிக் கிழிக்கிறதுக்கு அங்கை ஒண்டுமில்லை, தண்டத்தோடை முடிஞ்சிடும்," என்று உன் வாயை அடைத்தேன். உன் வாயை நான் அடைத்தது அது முதல் தடவையல்ல. ஒன்பதாம் வகுப்பில், பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதினாய் என்று ரீச்சர் ஒருவர் சொன்னது நினைவிருக்கிறதா? நீ பார்த்து எழுதவில்லை என்று எனக்குத் தெரியும், கணக்கில் உன்னைப் பார்த்துத்தான் மற்றவர்கள் எழுத வேண்டும். ஆனாலும் உன்னைக் கூட்டிக்கொண்டுபோய் மன்னிப்புக் கேட்க வைத்தேன். "கேட்டுவிடு, முடியட்டும்," என்றேன். நீ கேட்டாய். வீட்டுக்கு வந்து, நான் வாங்கித்தந்த ஐஸ்கிறீமை உருகவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு அந்த ரீச்சர் எது காணாமல் போனாலும் உன்னைத்தான் முதலில் கேட்டார். முடியட்டும் என்று நான் சொன்னது உனக்குத் தொடக்கமாகிவிட்டது. அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

ஏன் இப்படி ஆனேன் என்று யோசித்துப் பார்த்தேன். காரணம் சொல்லித் தப்புவதற்கல்ல. என் இளவயதில் இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பில் என்னையும் பிடித்துக்கொண்டுபோய் முகாமில் வைத்திருந்தார்கள். என் தகப்பன் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து, முகாம் வாசலில் வெயிலில் நின்றார். நான் உள்ளே எதற்கும் சேர், எதற்கும் ஓம். பின்னேரம் விட்டுவிட்டார்கள். பணிவும் ஒரு பெரிய மனிதரும் என்னைக் காப்பாற்றியதாக நான் நம்பினேன், ஆயுள் முழுக்க அதையே மருந்தாக வைத்துக்கொண்டேன். என்னோடு வரிசையில் குந்தியிருந்த ஒருவன் என்னைவிடப் பணிவாக இருந்தான். அவனுடைய தகப்பனும் வாசலில் யாரையோ கூட்டிவந்து நின்றார். அவன் திரும்பி வரவேயில்லை. எனக்கு வாய்த்தது தற்செயல், அதை நான் கெட்டித்தனம் என்று எடுத்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் சட்டத்தரணியைக் கூப்பிடுகிற கதையே கிடையாது, கூப்பிட்டாலும் யாரும் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். இப்போது கூப்பிடலாம். பொலிஸ் நிலையத்துக்கே வந்து எங்களுக்காகக் கதைக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. கூப்பிடக்கூடிய காலத்திலும் நான் முகாம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

பிணைக்குப் பிறகுதான் அண்ணையின் சிநேகிதனுடைய அக்காவிடம் போனோம். அவர் முதல் நாளே கேட்டார், "அந்தச் சந்தியிலை கடை ஒண்டும் இல்லையோ? கமரா இருக்கோ?" இருந்தது. இரும்புக் கடைக்காரர் கமரா வைத்திருந்தார். ஓடிப்போய்க் கேட்டேன். பழையது அழிந்து அதற்கு மேலே புதியது பதிந்துவிடும் ஐயா, இரண்டு கிழமைக்கு முந்தி வந்திருந்தால் எடுத்துத் தந்திருப்பேன் என்றார். அந்த இரண்டு கிழமையும் நாங்கள் பந்தல்காரனோடும் சமையல்காரனோடும் கதைத்துக்கொண்டிருந்தோம். பொலிசும் தேடவில்லை. ஏன் தேடப்போகிறார்கள்? தகப்பனே கூட வந்து பிள்ளைதான் இடித்தான் என்று சொன்ன பிறகு, வேறு வாகனத்தைத் தேட யாருக்கு நேரம் இருக்கிறது?

சட்டத்தரணி எனக்கு விளங்கப்படுத்தினார். "பொலிசிலை ஒப்புக்கொண்டதை மட்டும் வைச்சுக் கோட்டிலை குற்றவாளி ஆக்கேலாது ஐயா. ஆனா நாளைக்குத் தம்பி கூட்டிலை ஏறி டிப்பர் எண்டு சொன்னா, அப்ப ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை எண்டு இந்த வாக்குமூலத்தைத்தான் தூக்கிக் கேப்பினம். கண்ட சாட்சி ஒராளாவது இருந்தால் பரவாயில்லை. தம்பி, வடிவா யோசியுங்கோ. தனியவோ வந்தனீங்கள்?" உன் அண்ணை, "ஓம், தனியத்தான்," என்றான். ஒவ்வொரு முறை போகும்போதும் அவர் கேட்டார், ஒவ்வொரு முறையும் அவன் அதையே சொன்னான். பொலிசில் அவனுக்கு வராத பொய் இப்போது தடுமாறாமல் வருகிறது. நான் என் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். கடைசியாகப் போய் வந்த அன்று வழியில் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சொன்னான், "அப்பா, தங்கச்சிக்கு விசா வந்திட்டுது. அவள் போகட்டும். அவளுக்குச் சொன்னியள் எண்டா நான் வீட்டிலை இருக்க மாட்டன்." அங்கேதான் என்னிடம் சத்தியம் வாங்கினான்.

அடுத்த நாள் அவனுக்குத் தெரியாமல் நான் தனியாகச் சட்டத்தரணியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வயதுக்கு மரியாதை கொடுக்கிற பிள்ளை, இல்லாவிட்டால் அன்றைக்கு நல்லாய் வாங்கியிருப்பேன். "ஐயா, இதை முதல் நாளே சொல்லியிருந்தா," என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். நான் கேட்டேன், அன்று பொலிசுக்கு நீங்கள் வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று. "முதல்லை உங்களை வெளியிலை இருத்தியிருப்பன்," என்றார். பிறகு தமிழில் எழுதச் சொல்லிக் கேட்டிருப்பாராம், வாசித்துப் பார்க்காமல் கையெழுத்து வைக்க விட்டிருக்க மாட்டாராம், அன்றைக்கே கமராவுக்கும் ஆள் அனுப்பியிருப்பாராம். ஒரு மந்திரமும் இல்லை. எல்லாம் எனக்குத் தெரிந்த வேலைகள்தான்.

ஓட்டோக்காரனை அவர் தேடிப் பிடித்துவிட்டார். அவன், "ஓம், ஒரு பிள்ளை மடியிலை தலையை வைச்சிருந்தது, எனக்கு நல்ல ஞாபகம். அந்தப் பிள்ளை வந்து சொன்னா நானும் வந்து சொல்லுவன். நான் மட்டும் தனியச் சொல்ல மாட்டன்," என்றிருக்கிறான். அவனுக்கும் பயம், அவனும் அதே றோட்டில் ஓடுகிறவன். ஆகவே எல்லாம் உன்னில் வந்து நிற்கிறது. உன்னைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லி நடந்ததிலிருந்தே உன்னை அழித்தோம். இப்போது உன் அண்ணைக்கு இருக்கிற ஒரே ஆள் நீதான்.

நீ வந்து சொன்னால் லேசாக இருக்காது. ஏன் இவ்வளவு நாள் பேசாமல் இருந்தாய் என்று கேட்பார்கள், அண்ணையைக் காப்பாற்ற வந்த தங்கை என்று ஏளனமாகவும் கேட்பார்கள். தகப்பன் மறைக்கச் சொன்னார் என்று சொல். நானும் வந்து, நான்தான் மறைத்தேன் என்று சொல்வேன், எனக்கு என்ன நடந்தாலும் சரி. நீ வந்தாலும் வழக்கு வெல்லும் என்று சட்டத்தரணி சொல்லவில்லை. அவன் ஒப்புக்கொள்ளாமல் வழக்கை நடத்தலாம், அவ்வளவுதான் சொன்னார். அதற்கு நீ பயணத்தைத் தள்ளிப்போட்டு, ஒரு தவணைக்காவது நேரில் நிற்க வேண்டும். மருமகனுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, உன் வாயால் நீயே சொல். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். கோபித்தால், மறைத்தது உன் வீட்டார், நீயல்ல என்று சொல். அப்படியும் அவர் முகம் மாறினால் அதற்கு என்னிடம் மருந்து இல்லை பிள்ளை. எந்தக் கலியாணம் குழம்பக்கூடாது என்று இவ்வளவும் செய்தோமோ, அதைக் குழப்பச் சொல்லி நானே எழுதுகிறேன்.

வராமல் போனாலும் உன்னில் குறை நினைக்க மாட்டேன் என்று எழுதிவிட்டு, அதை வெட்டினேன். குறை நினைப்பேன். என்னில் நினைப்பதைவிடக் குறைவாக, ஆனால் நினைப்பேன்.

வருவதென்றால், அந்தச் சட்டத்தரணியோடு மட்டும் பொலிசுக்குப் போ. யார் எவ்வளவு மரியாதையாகக் கதைத்தாலும், பிளேன்ரீ தந்தாலும், அவர் வந்து பக்கத்தில் இருக்கும்வரை, "என்ரை சட்டத்தரணி வரட்டும்" என்று மட்டும் சொல். அது திமிர் இல்லை. குற்றம் செய்யாதவருக்குத்தான் அது இன்னும் தேவை. குற்றம் செய்தவனுக்கு எதை மறைக்க வேண்டும் என்றாவது தெரியும், செய்யாதவர் எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லிவிட்டு வருவார். தமிழில் எழுதச் சொல். ஒவ்வொரு வரியாக வாசி. நீ சொல்லாதது ஒரு சொல் இருந்தாலும் திருத்தச் சொல், அவர்களுக்கு அலுத்துப்போகிறதே என்று பார்க்காதே. தெரியாததைத் தெரியாது என்று சொல். கனடாவுக்குப் போன பிறகும் இதுதான். அங்கேயுள்ள சட்டம் எனக்குத் தெரியாது, ஆனால் அங்கேயும் பொலிஸ் கேள்வி கேட்டால் முதலில் ஒரு சட்டத்தரணியைக் கேள். உனக்குப் பிறக்கப்போகிற பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடு.

இன்னொன்று. உனக்கு எதையும் சொல்லிக்கொடுக்கக்கூடாது என்று சட்டத்தரணி எனக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். டிப்பர் என்று உன் அண்ணை சொன்னதை நான் மேலே எழுதியதுகூடப் பிழையோ தெரியவில்லை. இந்தக் கடிதத்தை அவரிடம் அப்படியே கொடுத்துவிடு. நீ கண்டது வேறாக இருந்தால், வேறாகவே சொல். உன் அண்ணையில்தான் பிழை என்று நீ கண்டிருந்தால் அதையும் சொல். அந்த ஐயாவின் மகளும் ஒரு தகப்பனுக்குப் பிள்ளைதான். இவ்வளவு காலமும் எங்களுக்கு வசதியானதையே எல்லோரும் சொன்னோம், ஒராளாவது கண்டதைச் சொல்ல வேண்டும்.

வந்தால் வீட்டுக்கு வராதே. காலையில் பஸ்ஸால் இறங்கி நேரே சட்டத்தரணியின் கந்தோருக்குப் போ. கோட்டுக்கு எதிர்ப்புறம், மாடியில். முகம் கழுவ அங்கே இடம் இருக்கிறது, சாப்பாட்டுக்கும் அவர் ஒழுங்கு செய்வார், கேட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்தால் அம்மா உன்னைக் கட்டிப்பிடித்து அழுவார், அண்ணை போ என்று கத்துவான், நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, எல்லோரும் சமாதானமாகப் போகிற மாதிரி ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவேன், நீயும் தலையாட்டிவிடுவாய். நீ இனி எப்போது இந்தப் பக்கம் வருவாயோ, நான் அதுவரை இருப்பேனோ தெரியாது. பஸ் வருகிற நேரம் வந்து நின்று உன் பையை வாங்க வேண்டும் என்று கை ஊறுகிறது. வர மாட்டேன். நீ போய், கண்டதைச் சொல்லி, வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வை. அதற்குப் பிறகு வீட்டுக்கு வா, நான் வாசல் படலையைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பேன்.

உன் அப்பா